தகட்டின் மேல் கால்சியம்

நெற்றியில் மூன்று பட்டை இல்லாமல் தேவேந்திரனை விஜயபுரத்தில் யாரும் பார்த்ததில்லை. குளித்ததும் திருநீறு, அப்புறம் பைக். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலை.

திருப்பதியில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இயற்பியல் படித்தவன். வேலை லேசர் மெஷினில். செம்புத் தகட்டை உள்ளே வைத்தால் லேசர் ஒரு குத்து குத்தும், பொறி பறக்கும். அந்தப் பொறியின் வெளிச்சத்தைக் கணினி கோடுகளாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதனதன் கோடு. அதே இடத்தில் இரண்டாவது குத்தில் கோடு மறைந்துவிட்டால் அழுக்கு மேலே மட்டும்தான், செம்புக்குள் இல்லை.

மார்ச்சில் இரண்டு வாரமாகக் கால்சியம் வந்தது. முதல் குத்தில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. 'கைபட்டு வந்திருக்கலாம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டான். மேலாளர் கிரண்குமார் அதைப் படித்தார். கண்ணாடிக்கு அப்பால் தகடு துடைத்துக்கொண்டிருந்த மணியம்மாவின் சிவந்த வாயைப் பார்த்தார்.

"ஏமய்யா தேவேந்திரா, சுண்ணாம்புன்னா கால்சியம்தானே?"

"ஆமா சார்."

"அப்ப முடிஞ்சிது. வெத்தல போட்ற கை. நாளையிலேர்ந்து அந்தம்மா வேணாம்."

ஒப்பந்தக் கூலிக்கு அதற்கு மேல் விசாரணை கிடையாது. மணியம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"வெத்தல துன்னுட்டு கைய கழுவாமயாடா வருவேன்? உன் மெஷினு என் கைய பாத்துச்சா, சொல்லு."

அவள் போன பிறகு வரைபடத்தைத் திரும்பத் திறந்தான். கால்சியம் மட்டுமே அன்றைக்குத் தேடியிருந்தான். வலது ஓரத்தில், பக்கம்பக்கமாக மெல்லிய இரண்டு கோடுகள். பொட்டாசியம். சுண்ணாம்பில் அது ஏது? சாம்பலில் உண்டு.

கை தானாக நெற்றிக்குப் போனது. சிவராத்திரிக்கு வீட்டு மாட்டுச் சாணத்தில் சுட்ட புதுத் திருநீறு. அதற்கும் இரண்டு வாரம்தான் ஆகிறது.

சுத்தமான தகடு ஒன்றை எடுத்து, தினமும் குனிகிற மாதிரியே அதன் மேல் குனிந்தான். வேர்வையில் ஊறி ஏசியில் காய்ந்த பட்டையிலிருந்து என்ன உதிர்ந்ததோ, கண்ணுக்குத் தெரியவில்லை. லேசருக்குத் தெரிந்தது. அதே கோடுகள்.

அந்த மாதம்தான் அவன் வேலை நிரந்தரமாக வேண்டியது. வரைபடங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிரண்குமார் மேஜைக்குப் போனான்.

"மணியக்கா கை இல்ல சார். என் நெத்தி."

கிரண்குமார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் விரல் தம் நாமத்தைத் தொட்டது.

"இதுல ஏமுந்தி? என்ன இருக்கும்?"

"வச்சிப் பாத்தா தெரியும் சார்."

"வேணாம், வேணாம்." சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லி, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு."

சாயங்காலமே போய்ச் சொன்னான். மணியம்மா கேட்டுக்கொண்டாள், உட்காரக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பரிசோதனை அறை வாசலில் ஈரத்துணியோடு நின்றாள்.

"மொதல்ல நெத்திய துடைச்சிக்கினு போ. அப்பறமா ஊரான் கைய பாப்ப."

அவன் துடைத்தான். துணியை வாங்கி விரித்துப் பார்த்த பிறகே அவள் வழிவிட்டாள்.