யாருக்கென்று கேட்காமல் சுட்ட பிஸ்கட்

எங்கள் வீட்டுக்கு உதவுவதற்காக ஊர்ப் பெண்கள் கூடி ஒரு பிஸ்கட் விற்பனை நடத்தினார்கள். அதற்கு ஆகக் கூடுதலாக பிஸ்கட் சுட்டுக் கொடுத்தது நான். விற்பனை யாருக்காக என்பது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குத் தெரிந்திருந்தது, மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற நானாவுக்குத் தெரிந்திருந்தது, என்னோடு ஒரே வீட்டில் கிடக்கிற மனிதருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது. இத்தனைக்கும் மதுரங்குளிச் சந்தியைச் சுற்றி எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். இப்போது அவ்வளவாக வருவதில்லை.

என் கணவர் உப்பு லொறி ஓட்டுபவர். புத்தளத்தில் மூட்டை ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவார். ஒருநாள் லொறிக்கு மேலே ஏறி மூட்டைகளை மூடுகிற படங்கை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். முழங்காலோடு சேர்ந்த எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். வெட்டுவது இலவசம், தைப்பது இலவசம், உள்ளே வைக்கிற தகட்டை மட்டும் நீங்களே வெளியில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதுவரைக்கும் வீக்கம் வற்றட்டும் என்று மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சுணங்காமல் தகடு வைத்தால் மறுபடி லொறி ஓட்டலாம், தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகப் பொருந்திவிடும், பிறகு சாகும்வரை பொல்லு ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று டொக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். தகட்டின் விலையைச் சொன்னபோது லொறியின் விலையைச் சொல்கிறார்களோ என்று நினைத்தேன்.

யார் கேட்டாலும், "தம்பி கட்டார்ல இருந்து அனுப்புறான், எல்லாம் சரி" என்று சொல்லிவைத்தேன். தம்பி கட்டாரில் இருந்தது உண்மை. வேலை போய், ஊருக்கு வர டிக்கெட்டுக்குக் காசு தேடிக்கொண்டிருந்ததும் உண்மை. இரண்டாவதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து விரட்டப்பட்டு வந்த குடும்பம் எங்களுடையது. ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே நிவாரண வரிசையில் சட்டியோடு நின்று வளர்ந்தவள் நான். அரிசி அளந்து போடுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் சட்டியை மட்டும் நீட்ட உம்மா என்னைப் பழக்கியிருந்தா. வளர்ந்த பிறகு எவருக்கு முன்னாலும் எதையும் நீட்டுவதில்லை என்று இருந்துவிட்டேன். அது வெட்கம்தான். மானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எதிர் வீட்டு மாமிதான் வந்து கேட்டா. சொந்த மாமி இல்லை, ஊருக்கே மாமி. பெண்கள் சங்கத்துக்குத் தலைவியும் அவதான்.

"ஒரு நோயாளிக்குக் காசு சேர்க்கிறம் புள்ள. கொழும்புல எல்லாரும் இப்ப பேக் சேல் எண்டு செய்றாங்களாம், என்ட மகள் போன்ல பார்த்துச் சொன்னாள். றோட்டோரத்துல மேசையைப் போட்டு பிஸ்கட் விக்கிறது. உன்ட கைக்கு மிஞ்சி இந்த ஊர்ல யாருக்கு பிஸ்கட் வரும்?"

சங்கப் பெண்களுடைய இக்கட்டு எனக்குப் பிறகுதான் விளங்கியது. என்னைக் கேட்காமல் விட்டிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன். ஊரில் யார் கேக் அடித்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காத வீட்டின் கல்யாணச் சாப்பாட்டுக்கும் நான் போகமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கேட்டாலோ, எனக்காக நானே மா பிசைய வேண்டியிருக்கும். இரண்டில் எது ஆபத்துக் குறைந்தது என்று மாமி யோசித்திருக்கிறா. சரியாகத்தான் யோசித்திருக்கிறா.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது. உதவி வாங்குகிறவரின் பெயரை வெளியே விடுவது சரியில்லை என்பது எங்களுடைய வழக்கம். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில், 'ஊரிலுள்ள ஒரு சகோதரரின் வைத்தியச் செலவுக்காக' என்றுதான் அறிவிப்பார்கள். பெயர் இராது. அவரவர் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் பெயர், வீடு, நோயின் விவரம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தச் சகோதரரின் வீட்டுக்கு மட்டும் செய்தி போகாது. அவ்வளவு நாகரிகமான ஊர்.

கேட்கவில்லையே தவிர, நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற தையல்காரர் வீடுதான். அவருக்கு நெஞ்சு வருத்தம், மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குக் காசு சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பெரிய பிரிட்ஜ் ஒன்று வந்து கன நாளாகவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாமல் மாமியிடம் சொல்லியும் விட்டேன்.

"குடுக்க முதல் நல்லா விசாரிங்க மாமி. வீட்டுல எல்லாத்தையும் வச்சுக்கொண்டு கை நீட்டுற ஆக்கள் இப்ப கூடிப்போச்சு."

மாமி என் குசினியில் இருந்த புது ஓவனைப் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா. "ஓம் புள்ள, விசாரிச்சுத்தான் செய்றம்" என்றா. என் பேச்சில் இருந்த நியாயம் மாமியை வாயடைக்க வைத்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டருக்குப் பதிலாக மாஜரின் போட்டால் போதும் என்று சங்கத்தில் சொன்னார்கள். மாஜரின் போட்ட பிஸ்கட் மேல்வாயில் ஒட்டும், நாளைக்கு என் கையைப் பற்றிக் கதை வரும். சந்திக்குப் போய் நல்ல பட்டரும் கஜுப் பருப்பும் வாங்கினேன். தகட்டுக்கென்று அலுமாரிக்குள் ஒதுக்கி வைத்திருந்த கொஞ்சக் காசில்தான். தகட்டுக்குக் காசு சேர்க்கிற விற்பனைக்குத் தகட்டுக் காசிலேயே பட்டர் வாங்கியவள் புத்தளம் மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மற்ற வீடுகளிலிருந்து மாவும் சீனியும் முட்டையும் வந்தன. பிறகு அரிசி வந்தது. ஒரு கோழியும் வந்தது. பிஸ்கட்டுக்குக் கோழி எதற்கு என்று கேட்டேன். "சுடுற ஆளுக்கும் சாப்பாடு வேணுமே" என்றார்கள். ஊர் என் கைப்பக்குவத்தை இவ்வளவு மதிக்கிறதே என்று கணவரிடம் சொன்னேன். ஓம், ஓம், நல்லா மதிக்குது என்று தலையாட்டினார்.

பட்டரையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அடித்து, கோதுமை மாவை அரித்துப் போட்டு, தேங்காய்ப்பூவை வறுத்துக் கலந்தேன். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். வறுக்காமல் போட்டால் பிஸ்கட் மறுநாளே நேற்று வாங்கிய பேக்கரிப் பாண் மாதிரித் தொய்ந்துவிடும். என் ஓவன் இடது பக்கம் கூடச் சுடும், அதனால் தட்டைப் பாதியில் திருப்பி வைக்க வேண்டும். கணவர் முன்னறைக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். உடைந்த பிஸ்கட்டெல்லாம் அவருக்கு. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இரிக்கி. இன்னும் கொஞ்சம் கஜு போடு. பாவம் அந்த மனுசன், நல்லா வித்துக் குடுக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. லொறியை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போயிருக்கலாம்.

விற்பனைக்கு, பாடசாலை மதிலோரம் கொழும்புப் பாதையைப் பார்த்து மேசை போட்டோம். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் போகிற வாகனங்கள் அந்த இடத்தில் வேகம் குறைக்கும். உடப்புக் கோயில் திருவிழாவுக்குப் போகிற வேன் ஒன்று நின்றது. திருநீறு பூசிய பெண்கள் சிரித்துக்கொண்டு இறங்கி வந்து டின் டின்னாக வாங்கினார்கள். ஊர்ச் சனமும் வந்தது. அதில்தான் சிக்கல். எங்களுக்குத் தின்னக் கொடுத்துப் பழக்கமே தவிர விற்றுப் பழக்கமில்லை. மற்றப் பெண்கள் தெரிந்த முகத்தைக் கண்டால் காசு கேட்க வெட்கப்பட்டு, "பரவாயில்ல, கொண்டுபோங்க" என்றார்கள். தெரியாத முகம் ஊரில் எத்தனை இருக்கிறது? நான் பார்த்தேன், இது சரிவராது என்று முன்னுக்கு வந்து நின்றேன்.

"ஒரு நோயாளிட விஷயம். சும்மா திண்டுட்டு வாயைத் துடைச்சிட்டுப் போக வெக்கமில்லையா?"

என் சத்தத்துக்குப் பயந்தே பலர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார்கள். மீன்கார நானாவும் வந்து, ஆகச் சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அவரையும் நான் விடவில்லை.

"இறால் விக்கிற விலைக்கு இவ்வளவுதானா நானா உங்கட தருமம்? அந்த மனுசன்ட நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

மனிதர் நடுங்கிப்போய் இரண்டு டின்னைத் தூக்கினார். "கோவிக்காதீங்க ராத்தா. உங்கட மனுசன்ட காலுக்கு நான் தராம விடுவனா? இன்னும் எவ்வளவு காணாது எண்டு சொல்லுங்க, நாளைக்கும் கொண்டுவாறன்."

மாமி முக்காட்டைச் சரிசெய்தா, அதில் சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை. மாமியின் மகள் போனைப் பார்த்தாள். நானாவுக்கும் தான் செய்தது விளங்கிவிட்டது. மிச்சக் காசைக்கூட வாங்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். காலையிலிருந்து நான் கத்திய கத்தெல்லாம் என் வீட்டுக்காகத்தான் என்று நினைத்தபோது காதெல்லாம் சுட்டது. தையல்காரரின் பிரிட்ஜ் ஞாபகம் வந்தது, மாமி என் ஓவனைப் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் இறங்கிவிட்டிருப்பேன். கையிலிருந்த துணியை மேசையில் எறிந்தேன்.

"எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கூத்தாக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வாசலிலேயே தொடங்கிவிட்டேன். அவருக்கும் தெரியும் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமி முதலில் அவரிடம்தான் வந்து கேட்டிருக்கிறா.

"நீங்க ஓம் எண்டு சொன்னீங்களா?"

"ஓம் எண்டுதான் சொன்னன்."

"என்ட மானம் போச்சே. இனி எந்த முகத்தோட அந்த றோட்டால போவன்? அந்தச் சல்லி எங்களுக்கு வேணாம். தம்பி அனுப்புவான்."

"தம்பிட கதையை விடு" என்றார், மெதுவாக.

நான் விடவில்லை. கத்தினேன், கதிரையைத் தள்ளிவிட்டேன், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி கதவை நோக்கிப் போனேன்.

"உனக்குக் கோவம் வந்தா எழும்பிப் போறாய் புள்ள" என்றார். "எனக்கும் உன்னோட கோவம் வந்த நாள் இரிக்கி. எழும்பிப் போக ஏலாம இஞ்சயே கிடந்தன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான், பாதி எனக்காகத்தான் அழுதேன். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்களை அவர் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் அடிக்கடி செய்கிறாராம். எனக்கு அது தெரியாது. தம்பி அனுப்புவான் என்று ஊருக்குச் சொல்லித் திரிவதிலேயே என் நேரம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய காலை வைத்து நான் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. மேசையில் இன்னும் டின்கள் இருந்தன, வாகனங்கள் நிற்காமல் போயின. சிலாபம் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருத்தி மட்டும் காரை நிறுத்திவிட்டு ஒரு டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றா. நேரமாகிவிட்டது, எல்லாவற்றையும் எடுப்பதென்றால் பாதி விலைக்குத் தருகிறோம் என்று மாமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவவிடம் சொல்லிக்கொண்டிருந்தா. நான் வருவதைக் கண்டதும் மாமியின் பேச்சு நின்றுவிட்டது.

"குறைக்காதீங்க மாமி" என்று றோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கத்தினேன். "ஒரு சதமும் குறைக்காதீங்க. அது எங்கட மனுசன்ட கால்."

அந்த அம்மாவுக்குத் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முழு விலையையும் கொடுத்து எல்லா டின்னையும் வாங்கிக்கொண்டு போனா.