குடிக்கு உபயதாரர் கிடைக்கவில்லை

எங்கள் பக்கத்தில் பெயர் எழுதாமல் யாரும் எதையும் தானம் செய்வதில்லை. நான் நூலகராக இருக்கும் இந்த அறக்கட்டளை நூலகத்தில் மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் உபயதாரர் பெயர் உண்டு. கரண்ட் போனால்தான் படிக்க முடியும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு மில்காரர் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் இருக்கிறது, தண்ணீர்தான் சில நாள் இருப்பதில்லை. இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் புகுந்தும் பெயர் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் நாலைந்து நிறுத்தம் தள்ளி எங்கள் நூலகம். சில வருடங்களுக்கு முன் புத்தகப் பட்டியலை ஆன்லைனில் ஏற்றி, வாசிப்பு அறையின் மூலையில் தொடுதிரை ஒன்றை வைத்தார்கள். அதில் ‘பொருள்வாரியாகப் பார்க்க’ என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டால் மருத்துவம், சட்டம், வேளாண்மை என்று பெரிய தலைப்புகள் வரும். மருத்துவத்தைத் தொட்டால் அதற்குள் கண், இதயம், பிரசவம், பழக்கவழக்கங்கள். கடைசித் தலைப்பைத் தொட்டால் புத்தகங்களும் அலமாரி எண்ணும் வந்துவிடும். எதையும் டைப் அடிக்க வேண்டாம். யாரிடமும் வாய் திறந்து கேட்கவும் வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகவே அந்தப் பொத்தானை எனக்குப் பிடித்துப்போனது. பங்குச் சந்தைப் புத்தகம் வேண்டுமென்றால் வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்பார்கள். விவாகரத்துச் சட்டம் வேண்டுமென்றால் கவுண்டருக்கு வந்து, குனிந்து, “பக்கத்து ஊட்டுப் பொண்ணுக்குங்க” என்பார்கள். கோயமுத்தூரில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத்தான் எத்தனை கஷ்டம்!

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு பெண் வாராவாரம் வருவார். கணவருக்கு அங்கே லேத் பட்டறை என்பதற்கு மேல் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அவ்வளவு தூரம் தள்ளி வந்தால் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கவுண்டரில் நின்று, “ஏதாச்சும் நல்ல புக்கு இருக்குதுங்களா?” என்று கேட்பார். நான் எதைக் காட்டினாலும் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

தொடுதிரை வந்த பிறகு அவர் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். நேராகத் திரைக்குப் போனார். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் திரை தெரியும். பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். மருத்துவம், பழக்கவழக்கங்கள், குடி. அலமாரிக்குப் போய், குடிநோயாளியின் வீட்டாருக்காக எழுதிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. வாரம் ஒருமுறை வந்து, சில பக்கங்கள் படித்து, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார். பாதிப் புத்தகம் வரை வந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் செயலாளருக்கு யோசனை உதித்தது. அவர் பம்புசெட் கம்பெனி முதலாளி. மென்பொருளுக்கு வருடா வருடம் கட்ட வேண்டிய பணத்தை எப்படித் திரட்டுவது என்று யோசித்தவர், ஒவ்வொரு தலைப்பையும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தலைப்பைத் தொட்டால் பக்கத்திலேயே ‘இன்னார் நினைவாக’ என்று வரும். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்மிகத்துக்கு மூன்று பேர் போட்டி. யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஆன்மிகம்-1, ஆன்மிகம்-2, ஆன்மிகம்-3 என்று பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கடவுளுக்கும் தெரிந்திருக்காது. கணக்குத் தலைப்பை வாங்கியவர் கணக்குக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டே ஓடியவர். அவரே பெருமையாகச் சொன்னார். வேளாண்மை, தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்குப் போனது. அவர் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார்.

“ஏனுங்க, எங்கய்யன் பேருக்குக் கீழ யானை எதுக்குங்க வருது? தோப்புக்குள்ள வாரது பத்தாதுங்களா?”

பயிரில் யானை இறங்குவதைப் பற்றிய புத்தகம் அது. அதைத் தூக்கி ஆன்மிகம்-2இல் போட்டார்கள். பிள்ளையார் இருக்கிறாராம்.

எல்லாம் போக, சில தலைப்புகள் சீந்துவாரில்லாமல் நின்றன. குடி, மனநோய், விவாகரத்து. செயலாளர் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார், பாவம். பண விஷயத்தில் பின்வாங்காத மனிதர்கள் பதறினார்கள். “எங்கம்மா பேருல குடியாங்க? நாளைக்குப் பொண்ணு எடுக்க வாரவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?” என்றார் ஒருவர். அவருடைய மில்லின் கேட்டுக்கு எதிரே இருப்பது டாஸ்மாக். அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்து யாரும் எதுவும் நினைப்பதில்லை போலிருக்கிறது.

பெயரில்லாத தலைப்பு திரையில் நின்றால் பெயருள்ளவர்களுக்கு மரியாதையில்லை என்று, உபயதாரர் இல்லாத தலைப்புகள் திரையில் வராதபடி மென்பொருள்காரரை விட்டு மாற்ற வைத்தார்கள். அலமாரிகளும் அதே வரிசைக்கு மாறின. அனாதைத் தலைப்புகளின் புத்தகங்கள் மாடி அறைக்குப் போயின. நான் சண்டை போட்டேன். செயலாளர் கோபப்படவே இல்லை. “வேணுங்கறவங்க டைப் பண்ணிக் கேக்கட்டுங்க அம்மணி. ஆரு தடுத்தா?” என்றார். இவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்த எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தார். மருத்துவத்தைத் தொட்டார். பழக்கவழக்கங்களுக்குள் யோகாவும் நடைப்பயிற்சியும் மட்டும் இருந்தன. வெளியே வந்து மறுபடி உள்ளே போனார். சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார், குடும்பத்தைத் தொட்டுப் பார்த்தார். பழைய அலமாரிக்குப் போனார். அங்கே ஆன்மிகம்-2 உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து போய் “மாடியில இருக்குதுங்க” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாளாக எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்; பிறகு இந்தப் பக்கமே வர மாட்டார் என்று பயந்தேன். உட்கார்ந்தபடியே இருந்தேன். அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செயலாளரின் அறைக்குப் போய், “குடிக்கு எங்கப்பா பேரப் போடுங்க, பணம் நான் கட்டறேன்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஊட்டுல கேட்டீங்களா அம்மணி? உங்கப்பா மஞ்சக்காமாலைல தவறுனதாத்தானுங்களே சொன்னீங்க?”

“குடிச்சுத்தானுங்க செத்தாரு. மஞ்சக்காமாலைங்கறது எங்கம்மா வெச்ச பேரு.”

நான் அதை அதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. செயலாளர் பேனாவை மறுபடி எடுத்து அப்பாவின் பெயரைக் குறித்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இது ஏதோ அறக்கட்டளைக் குடும்பத்துப் பெரியவர் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதாம். அதனால் அப்பாவின் பெயருக்குப் பின்னால் ‘நூலகரின் தந்தை’ என்று தெளிவாகப் போட்டார்கள்.

தலைப்பு திரைக்கு வந்தது, புத்தகங்கள் கீழே இறங்கின. என் தம்பிக்கு யாரோ போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். “அக்கா, எம்புள்ளைக்கு மாப்பள பாக்குற நேரத்துல இப்புடிப் பண்ணிப்போட்டயே!” என்று போனில் கத்தினான். அப்பாவைச் சாக்கடையோரத்திலிருந்து என்னோடு சேர்ந்து தூக்கி வந்தவன் அவன். அவன் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து போனை வைத்தேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் அந்தப் பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். திரையைத் தொட்டார். மருத்துவம், பழக்கவழக்கங்கள், அதற்குக் கீழே குடி. அங்கேயே நின்றுவிட்டார். அப்பாவின் பெயரை வாசிக்கிறார் என்று புரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கவுண்டருக்கு வந்தார்.

“ஏனுங்க, அது உங்க அப்பாங்களா?”

“ஆமாங்க.”

“உங்கம்மா வெளிய என்னன்னு சொன்னாங்க?”

“மஞ்சக்காமாலைன்னுங்க.”

அவர் சிரிக்கவில்லை. குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. “நான் அல்சர்னு சொல்லீட்டிருக்கறனுங்க” என்றார்.

புத்தகத்தை நானே போய் எடுத்து வந்தேன். வீட்டுக்கு வேண்டும் என்றார். இந்த மாதிரிப் புத்தகங்களை எடுத்துப் போகிறவர்கள் தலைப்பு தெரியாமல் அட்டை போட்டுத் தரச் சொல்வார்கள். அதற்கென்று பழைய செய்தித்தாள் வைத்திருக்கிறேன். எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“அட்டை வேண்டாங்க” என்றார். “ஃபிரிட்ஜ் மேல வெக்கப்போறேன். வாரவங்க போறவங்க பாக்கட்டும்.”