கரிசலுக்குப் போன வள்ளத்துப் பாய்

புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், பர்னபாஸ் அம்புரோஸின் மீன்பிடி வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். கையில் எது வந்தாலும் அதில் ஒரு பங்கு, ஊர் ஊராக வேதம் சொல்லப் போகிறவர்களுக்குப் போய்விடும். நல்ல மீன் விழுந்தால் அது உபதேசியார் ஜேசுபாதம் வீட்டு அடுப்புக்குத்தான். புதுச்சட்டை எடுத்தால் அடுத்த மாதமே அது வேறு யாராவது ஊழியக்காரர் உடம்பில் இருக்கும். அக்கா மெட்டில்டா திட்டுவாள். திட்டி முடித்த கையோடு, மீன் வாங்க வந்த பெண்களிடம், "எந்தம்பி மாதிரி ஒருத்தனக் காட்டுங்க பாப்போம்" என்பாள்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் மடித்த துணியில் ஓரம் விலகியிருக்காது, அவள் போட்ட தையலில் ஒரு முடிச்சு வெளியே தெரியாது. தம்பி சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போக வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அதற்கும் ஒரு காலம் வந்து, வள்ளம் கரைக்கு வந்து சேர்ந்தது. பழசுதான், ஆனாலும் சொந்தம். பாய்க்கு மட்டும் காடாத்துணி வாங்கி, அக்காவும் தம்பியுமாகத் தைத்தார்கள். முற்றத்தில் அந்த வெள்ளைத்துணி காற்றுக்குப் பொங்கிப் பொங்கி எழும். ஆளுக்கொரு ஓரத்தில் ஏறி உட்கார்ந்துதான் ஊசி ஓட்ட வேண்டும். அப்படித் தைக்கும்போது, வீடு கயிறு அவிழ்ந்து மெல்ல எங்கேயோ மிதந்து போவதுபோல் இருக்கும் மெட்டில்டாவுக்கு.

உப்பில் இற்றுப்போகாமல் இருக்க, பாயை வேலம்பட்டைச் சாயத்தில் முக்குவது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம்தான் உபதேசியார் வந்தார். விளாத்திகுளத்துக்கு அப்பால் உள்ள ஊர்களில், ஜீப் பேட்டரியில் எரியும் ஒரு பெட்டியை வைத்து இயேசுவின் கதையைப் படம்படமாகத் திரையில் காட்டுகிறவர்.

"பழைய போர்வை ஏதும் கெடக்கா தாயீ? நம்ம திரைய ஆடு தின்னுட்டுது."

"முழுசாவா?"

"பாதிய. மிச்சத்துல காட்டுனேன். கானாவூர்க் கல்யாணத்துல மாப்பிள்ளை இருக்காரு, பொண்ணக் காணும். சனங்க சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாங்க."

பர்னபாஸ் உள்ளே போய்ப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஏலே, அத எங்கன தூக்குத?"

"சாயத்துல முக்கிட்டா படம் தெரியாதுக்கா. வெள்ளையா இருக்கும்போதே குடுத்திருவோம்."

"வாடைக்காத்து எடுக்கப் போவுது. பாய் இல்லாத வள்ளத்துல என்னலே செய்வ, கோழி அடைப்பியா?"

"அம்புரோஸ் அண்ணாச்சி வள்ளம் இருக்குல்லா."

அதைத்தான் அவளால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. இன்னொரு பாய்க்குத் துணி சேர எத்தனை காலம் ஆகுமோ, அதுவரை அவன் கூலிக்காரன்தான். உபதேசியாரோ கையை நீட்டவும் மாட்டாமல், மடக்கவும் மாட்டாமல் நின்றார். கடைசியில் மெட்டில்டாவே ஒரு வழி சொன்னாள். ஓர் ஊருக்கு மட்டும் இரவல். தம்பியோடு அவளும் கூட வருவாள், படம் முடிந்ததும் அவளே திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள்.

அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே பாயைக் கட்டினார்கள். புயலில் தத்தளிக்கும் படகு அதில் விழுந்தது. கரிசல் காட்டிலிருந்து வந்த காற்று துணியை நிறைத்தது. படகு எழுந்தது, அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. பேச்சு நின்றுபோனது. முன்னால் இருந்த சீனித்தாய் என்ற பெண், தண்ணீர் வந்துவிடும் என்பதுபோல் சேலை ஓரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

"யாத்தே, இதுக்குள்ள மனுசன் எப்படித்தான் போவானோ?"

"எந்தம்பி தெனமும் போறான்" என்றாள் மெட்டில்டா.

சீனித்தாய் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். படத்தில் இயேசு எழுந்து நின்றார். ஆனால் பாய்க்கு மூன்று முனை. மேலே போகப் போகக் குறுகியது. காற்றை அடக்க அவர் நீட்டிய கை துணியைத் தாண்டி, வேப்பிலைகளுக்குள் சிதறிப்போனது.

"காத்த அதட்டுத கை எங்கம்மா?" என்று கேட்டாள் சீனித்தாய்.

அதற்குப் பிறகு மெட்டில்டா எந்தப் படத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. இலைகளுக்குள் மினுங்கிக்கொண்டிருந்த துண்டு வெளிச்சத்தையே பார்த்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் உபதேசியார் பாயை மடித்துக் கொண்டுவந்து, "சொன்ன மாதிரி, தாயீ" என்று நீட்டினார். பர்னபாஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கி, மறுபடியும் தரையில் விரித்தாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். கைச்சாணால் குறுக்கே அளந்தாள், நெடுக அளந்தாள்.

"ஏலே, இடுப்புக் கத்தியத் தா."

"எதுக்குக்கா?"

"மேல் கோணத்த ரெண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் சேத்தாச் சதுரம் வரும். கை முழுசாத் தெரியும்."

"வெட்டிட்டா பொறவு இது வள்ளத்துக்கு ஆகாதே, தாயீ" என்றார் உபதேசியார்.

"தைச்சவளுக்குத் தெரியாதா?"

பர்னபாஸ் கத்தியைக் கொடுத்துவிட்டு, துணி நகராமல் இருக்க அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தான். விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள் அவள்.

வாடைக்காற்று எடுத்ததும் பர்னபாஸ் பழையபடி கூலிக்கு இறங்கினான். அவன் வள்ளம் கரையில் மொட்டையாகக் கிடந்தது.

"சொந்த வள்ளத்துக்காரரு வந்துட்டாரு, எடம் விடுங்கலே" என்றார் அம்புரோஸ். மற்றவர்கள் சிரித்தார்கள். கடலுக்குள் போன பிறகும் அவர் விடவில்லை. "ஒம் பாயி எங்கலே?"

பர்னபாஸ் துடுப்பு வலித்துக்கொண்டே மேற்கே திரும்பிப் பார்த்தான். கரை அதற்குள் மங்கிவிட்டிருந்தது.

"இன்னைக்கு எந்த ஊருன்னு தெரியல அண்ணாச்சி" என்றான். "ஆனா அங்கனயும் நல்ல காத்துதான்."