எண்ணெய் படிந்த பிளக்

அப்பா போன பிறகு என் வண்டி சரியாகிவிட்டது. இப்படி எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். ஏன் அப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு மாதம் ஆனது.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. கன்டெய்னர் லாரிகள் பள்ளமாக்கிய சாலையில் போக வேண்டும் என்பதால், மண்பாதையிலும் ஓடக்கூடிய, இருக்கை உயரமான, இன்ஜின் சின்னதான ஒரு பழைய வண்டியைத் தேடி வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி. அப்பா அதைப் 'பொண்ணோட ஒட்டகம்' என்பார்.

அந்த வருட மழைக்காலம் முடிந்ததும் கோளாறு தொடங்கியது. சூடாக இருக்கும்போது சுவிட்சைத் தொட்டால் போதும், ஓடும். சில மணி நேரம் நின்று ஆறிவிட்டால் பிடிக்காது. சோக்கை இழுத்து, கிக்கரைப் பத்துப் பதினைந்து நிமிடம் உதைக்க வேண்டும். பிடித்ததும் நீலமாகப் புகை வரும். இரண்டு நாள் ஷிப்டுக்குத் தாமதமாகப் போய் எச்சரிக்கை வாங்கினேன்.

முழங்கால் தேய்ந்த பிறகு அப்பா கடலுக்குப் போவதில்லை. போட்டைச் சித்தப்பா ஓட்டினார். போட்டுக்கான எரிபொருளைத் தயார் செய்வது, வலை தைப்பது மட்டும் அப்பாவின் வேலை. விடியற்காலையில் டீ டம்ளரோடு வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா இன்ஜினியரு, ஒட்டகம் எந்திரிக்கலையா?"

"நீ சும்மா இரு நைனா."

"நம்ப போட்டு இன்ஜினு ஒரு இழுவைல புடிச்சிக்கும். அத்த எந்த காலேஜுலயும் படிக்கல நானு."

நான் உதைத்துக்கொண்டே இருப்பேன். முன்பு ஒரு முறை என் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, கொடியில் காயப்போட்டிருந்தார். நல்லதுதான் செய்ததாக நினைத்தார். "இது போட்டு இல்ல நைனா, இனிமே என் வண்டி மேல கை வைக்காத" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். "சரிமே, வைக்கல" என்றார்.

எனக்கு எதையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் பழக்கம். பேட்டரி சரி. சோக் முழுதாக மூடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசித்துளைகளைச் சுத்தம் செய்து, காற்றுத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக மாற்றிப் பார்த்தேன். வால்வு இடைவெளியை அளந்தேன். எல்லாம் சரி. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கை மட்டும் எப்போது கழற்றினாலும் கறுத்து, எண்ணெய் பூசியதுபோல் ஈரமாக இருந்தது. புதிது போட்டால் மூன்று நாள் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதை.

எண்ணெய் படிந்த பிளக் என்றால் இன்ஜின் ஆயில் எங்கோ கசிந்து எரிகிறது என்று அர்த்தம். அதைத்தான் காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கல்மண்டபத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து இன்ஜினைப் பிரிக்கச் சொன்னேன்.

"ரிங்கு நல்லா கீதுமா. சீலும் நல்லாத்தான் கீது. நீ புடிவாதமா சொன்னன்னு மாத்திக்கீறேன்" என்றார் அவர். "ஆமா, பெட்ரோலு எங்க போடுற?"

"எப்பவும் போடுற பங்க்லதான்ணா."

"அத்த மாத்தி பாரு."

மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மைலேஜ் கூடியிருந்தது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் அதிகம். காற்றுத் திருகை நான் சரியாக வைத்ததன் பலன் என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பிளக் கறுப்பதை ஒரு பக்கத்திலும் மைலேஜ் கூடியதை இன்னொரு பக்கத்திலும் எழுதியிருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

மாசியில் ஒரு மதியம், வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வேலை நேரத்தில் எங்கள் போன் லாக்கரில் இருக்கும். சித்தப்பா அலுவலகத்துக்குப் பேசி, செய்தி எனக்கு வந்தபோது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஓடிவந்து வண்டியை எடுத்தேன். காலையிலிருந்து நின்ற இன்ஜின் ஆறிப்போயிருந்தது.

கூட வேலை செய்பவர் ஒருவர் தன் வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னார். "இதோ புடிச்சிடும்ணா" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அடுத்த உதையில் பிடித்துவிடும், அதற்கடுத்த உதையில் கட்டாயம் பிடித்துவிடும். அவர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி மறுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பிடித்தது.

நான் போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்புவரை அப்பா பேசிக்கொண்டிருந்தாராம். "பொண்ணு வந்துகினு கீதா?" என்று இரண்டு தடவை கேட்டாராம்.

காரியங்கள் முடியும்வரை வண்டி ஓரமாக நின்றது. நின்ற பெட்ரோல் கெட்டுப்போகும் என்று டேங்கைக் காலி செய்து, புதிதாக நிரப்பி, வேறு பிளக் போட்டேன். மூன்றாவது உதையில் கிளம்பியது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும் அப்படியே. கழற்றிப் பார்த்தால் பிளக் காய்ந்து, வெளிர் பழுப்பாக, பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் இருந்தது. புகையும் இல்லை. கூடவே மைலேஜ் பழைய கணக்குக்கு இறங்கிவிட்டது. அதைத் தவிர எதையும் நான் மாற்றவில்லை. கோளாறு இருந்தபோதே என்னால் சகித்துக்கொள்ள முடிந்தது. காரணமில்லாமல் சரியானதைத் தாங்க முடியவில்லை.

பிறகு ஒரு நாள் மதியம், அம்மா வீட்டுப் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து சித்தப்பாவின் போட்டுக்காக எரிபொருள் கலந்துகொண்டிருந்தாள். அப்பா இல்லாததால் அது அவள் வேலையாகியிருந்தது. என் வண்டியில் இருப்பதுபோல் போட்டு இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிட வேண்டும். கேனில் பெட்ரோல், அதற்கு மேல் ஒரு மூடி பச்சை எண்ணெய், மறுபடி ஒரு மூடி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ம்மா, நைனா என் வண்டில பெட்ரோல் ஊத்துவாரா?"

அம்மா நிமிரவில்லை. "உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாட்டி பெட்ரோலு இல்லாம எக்ஸ்பிரஸ் ரோட்டுல லாரிங்க நடுவுல நின்னுட்டு, அழுதுகினே போன் பண்ணல நீ? அன்னிலேர்ந்துதான். நீ ஷிப்டு முடிச்சி வந்து தூங்கிகினு இருப்ப. அவரு நொண்டிகினே போயி, கேன்ல இருந்து கொஞ்சம் ஊத்திட்டு வருவாரு. தெரிஞ்சா கத்துவன்னு பயம்."

"இந்தக் கேன்ல இருந்தா?"

"ஆமா. வெறும் பெட்ரோலு ஊத்தினா இன்ஜினு காஞ்சிடும், எண்ணெ கலந்ததுதான் பொண்ணு வண்டிக்கு நல்லதுன்னுவாரு."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் சாலையில் நின்ற நாளுக்கும் கோளாறு தொடங்கிய நாளுக்கும் இடையே ஆறு நாள்.

அம்மா கேனை மூடி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாமே? அதால வண்டிக்கு எதுனா ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆவலம்மா."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான். மைலேஜு கூட ஏறிச்சி."

"அத்த அவராண்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சிகினே இருந்தாரு."

அம்மாவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள்.