டீச்சர் போட்ட கோரைப் படுகை

நான் இப்போது வேலை பார்க்கும் வானூர் அலுவலகத் தபாலில் ஒரு கார்டும் வந்தது. நான்கு மூலையிலும் கறுப்பு மை. கமலவேணி டீச்சர் காமாலையில் காலமானார் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். மரக்காணத்தில் டீச்சரை அறிந்தவர்களிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். அவர் மரக்காணம் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, மாணவியர் விடுதியும் அவர் பொறுப்பு. நான் அந்த ஊரில் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர். உப்பளத்தில் வேலை செய்யும் முனியம்மா ஒருநாள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், உங்க ஆஸ்டல் சாக்கடை எங்க வாய்க்கால்ல விழுது. கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது, வந்து பாருங்க." டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளோடு வாய்க்காலில் இறங்கினார். அன்று மாலையே என்னிடம் வந்தார். "கோரை நட்டா தண்ணி தெளியும் சார். குழி நீங்க வெட்டிக் குடுங்க, செடி நான் கொண்டாறேன்."

படுகைக்காகக் களிமண் பூசிய நீளமான குழியில் ஜல்லி பரப்பினோம். முதலில் வைத்த அல்லி உவரில் அழுகிப்போனது. பிறகு ஏரிக்கரையிலிருந்து சம்பங்கோரை கொண்டுவந்து, முழங்கால் சேற்றில் நின்று நட்டார். சில மாதங்களில் கறுப்பாக நுழைந்த சாக்கடை மறுமுனையில் நாற்றமில்லாமல் தெளிந்து வந்தது. முனியம்மாவின் கால் புண் ஆறியது.

ஊரார் பார்க்கக் கூடிய நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நீரை அள்ளி எல்லோர் முன்னாலும் வாய் கொப்பளித்தேன். டீச்சர் முகம் மாறிவிட்டது. "என்ன சார் பண்றீங்க? தெளிஞ்ச தண்ணி வேற, குடிக்கிற தண்ணி வேற." கூட்டத்தின் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. படுகையைச் சுற்றி வேலி போடச் சொல்லி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அடுத்த வாரம் என்றேன்.

கோடையில் ஊர்க் கிணறு உப்புக் கரித்தது. முனியம்மா படுகை நீரைக் குடத்தில் மொண்டு போனாள். அவள் மகள் செல்விக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், "போட்டது நான். பாதுகாக்க வேண்டியதும் நான்தான்" என்றார் டீச்சர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். படுகையை மண் போட்டு மூடினார்கள். சாக்கடை பழையபடி வாய்க்காலில் விழுந்தது.

கார்டு வந்த மறுநாள் உப்பளத்துக்குப் போய் முனியம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். "அன்னைக்குக் கொப்பளிச்சுக் காட்டினது நான். வேலி போடாததும் நான்தாம்மா" என்றேன்.

உப்பு வாருவதை நிறுத்தினாள். "தெரியும் சார். நீங்க வாயில ஊத்தினதைப் பார்த்துட்டுத்தானே மொண்டேன்." மறுபடி வாரத் தொடங்கியபடி சொன்னாள்: "செல்வி செத்த நாளுக்கு டீச்சர் வருஷா வருஷம் பஸ் ஏறி வந்துடுவாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. கூட உக்காந்துட்டுப் போவாங்க."

பக்கத்திலிருக்கும் வானூரிலிருந்து நான் அந்த நாளில் ஒருமுறையும் போனதில்லை.

டீச்சருடைய கடிதமோ படமோ என்னிடம் இல்லை. அவர் செல்விக்காக வந்துபோன அந்த ஒரு நாளை இனி என்னுடையதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாளில் நான் வரட்டுமா என்று கேட்டபோது முனியம்மா அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டாள். போவேன்.