நடக்கமாட்டேன் என்று ஒரு போராட்டம்

எனக்கு நடக்கப் பிடிக்காது. டொக்டர் நடக்கச் சொன்னால் டொக்டரை மாற்றுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு மலைக்காகப் போராடினேன் என்று சொன்னால் என் தங்கச்சியே இன்னும் நம்புவதில்லை.

எல்லாம் என் கணவர் வாங்கிய ஃபோர் வீல் டிரைவால் வந்த வினை. ஆறு, பாறை, சேறு எதிலும் ஏறும் வண்டி. அவர் அதை செவன் ஹில்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஹரிஸ் பார்க் இனிப்புக் கடைக்கு ஜிலேபி வாங்க ஓட்டினார். ஒரு துளி சேறு பட்டால் துணியோடு ஓடுவார். ஒரு சனிக்கிழமை அவருடைய வேலைத்தள நண்பர் எங்களை ப்ளூ மவுண்டன்ஸுக்கு அப்பால் ஒரு அரசாங்கக் காட்டுக்குக் கூட்டிப்போனார். மண்பாதையில் குலுங்கிக் குலுங்கி ஏறி, மலை உச்சியில் வண்டி நின்றது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க நீலம். நான் இருக்கையை விட்டு எழும்பவேயில்லை, தேத்தண்ணி குடித்தபடி பார்த்தேன். முழங்கால் தேய்ந்த ஒருத்திக்கு மலை உச்சி கிடைத்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு மாதம் ஒருதரம் அங்கே போகாவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும்.

அப்படியிருக்கத்தான் காட்டு வாசலில் அறிவித்தல் தொங்கியது. பாதையை மோட்டார் வண்டிகளுக்கு மூட யோசனையாம், பொதுமக்கள் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாமாம். விடுவேனா?

கூட்டம் பக்கத்து ஊர் மண்டபத்தில். ஒரு பக்கம் கைநிறையப் பச்சை குத்திய தாடிக்காரர்கள், வண்டிக் கட்சி. மறுபக்கம் சப்பாத்தும் ஊன்றுகோலுமாக நடைக் கட்சி. நடுவில் ஒரு இளம் அதிகாரி. நான் காஞ்சிபுரம் உடுத்து, பெரிய தட்டு நிறைய மட்டன் ரோல்ஸோடு போனேன். கூட்டம் என்றால் வெறுங்கையோடு போகலாமா? இரண்டு கட்சியும் சாப்பிட்டது. நடைக் கட்சிதான் கூடுதலாகச் சாப்பிட்டது.

வாயைத் துடைத்துவிட்டு அந்தக் கட்சியின் தலைவி எழும்பினார். எழுபது வயதிருக்கும், நெட்டையான வெள்ளைக்கார மனுசி. "மலைக்கு நடந்துதான் போகவேண்டும். நடப்பதே ஆனந்தம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் நடந்து முடித்துவிட்டேன்" என்று எழும்பினேன். "யுத்தத்தில் ஷெல் விழுந்தபோது எங்கள் ஊரே மழையில் ஒரே ரோட்டில் நடந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, முதுகுக்குப் பின்னால் குண்டுச் சத்தம். என் முழங்கால் அங்கேதான் போனது. ஆயுளுக்குரிய நடை எனக்கு அன்றே முடிந்தது. இனி நடந்தால் அது ஓவர்டைம்."

 தாடிக்காரர்கள் மேசையில் தட்டினார்கள். அந்த மனுசி மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரச்சினை நடையல்ல, வண்டிச் சில்லில் ஒட்டிவரும் மண் என்றார். அதிலுள்ள பூஞ்சணம் மரங்களைக் கொல்லுமாம். வண்டிகளை நேரில் வந்து பார்த்த பிறகுதான் முடிவாம்.

அதிகாரி பார்க்க வந்த நாளில் என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? நல்ல காரியத்துக்குப் போகும் வண்டியைச் சும்மா எடுக்கலாமா என்று காட்டு வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரமும் கொளுத்தப் போனார். காட்டுக்குள் நெருப்பா என்று அதிகாரி பதறியதும் அதை மட்டும் பையில் போட்டார். நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். வண்டி நகர, நாலும் நசுங்கின.

அதிகாரி குந்தியிருந்து சில்லை முகர்ந்தார். "இது என்ன?"

கணவர் கண்ணூறு பற்றி ஆதியோடந்தமாக விளக்கினார். அயலவர் பொறாமை, என் மச்சாளின் பார்வை, ஒன்றையும் விடவில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் டேப்லெட்டில் ஒரே வரி எழுதி வாசித்தும் காட்டினார்: "இந்தச் சமூகத்தவர் தாமாகவே சில்லுகளைச் சுத்தம் செய்கிறார்கள்."

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். தங்கள் வண்டிகளோடு வந்திருந்த தாடிக்காரர்களில் மலைபோல் நின்ற ஒருவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார். மூடிக்கொண்டேன்.

பாதை மூடப்படவில்லை. வாசலில் சில்லுக் கழுவத் தண்ணீர்க் குழாய் வைத்தார்கள், கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆனால் தாடிக்காரர்கள் தண்ணீரை மட்டும் நம்பத் தயாரில்லை. அவர்களுக்குப் பழம் கொடுத்தே எங்கள் பின்வளவு எலுமிச்சை மரம் மொட்டையானது. அந்த மலைபோன்ற மனிதர் ஒருநாள் பழமும் கையுமாக நின்று, எந்தச் சில்லு முதலில் என்று கேட்டார். என் கணவர் கொஞ்சமும் கூசாமல், "முன் இடது" என்றார்.

முடிவு வந்தபின் முதல் தடவையாக நாங்கள் இருவரும் உச்சிக்குப் போனோம்.

"இறங்கி வந்து பாருமன்" என்றார் கணவர்.

"நீங்கள் போங்கோ. நான் இருக்கிறன்."

அவர் விளிம்புப் பாறைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். எங்கும் ஒரு சத்தமில்லை. பழக்கதோஷத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பாதையில் ஒருவரும் வரவில்லை. ஏனென்று தெரியாது, கதவைத் திறந்து இறங்கினேன். செருப்போடு அந்தப் பாறை வரை நடந்தேன். முழங்கால் நொந்தது. தலையில் மூட்டையில்லை, யாரும் துரத்தவில்லை. இப்படியும் நடக்கலாம் என்று இவ்வளவு வருசமும் எனக்குத் தெரியாது. அழுகை வந்துவிட்டது.

கணவர் வாயைப் பிளந்து நின்றார். "நடந்தே வந்தனீர்?"

"ஓம். அந்த வெள்ளைக்கார மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."