பின்சீட்டில் படுத்துக் கேட்பவர்

காரின் பின்சீட்டில் குறுக்காகப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு காதை மெத்தையில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் அக்கா. அவருடைய கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அன்றைய ஊர்க்கதையை ஆரம்பிக்கிறார். “வாய மூடுங்க. வண்டி பேசுது” என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. கார் மெல்லக் கிளம்பிப் போகிறது. அவர்களுடைய கார்ப் பட்டறை வாசலில் அக்காவின் செருப்பு மட்டும் நிற்கிறது.

அவர்களுக்கு எதிர்க்கடையில் நான் கண்ணாடி வெட்டுகிறேன். இந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘பின்சீட் அக்கா’தான். காரில் சத்தம் என்று யார் வந்தாலும் முதலில் படுத்துவிடுவார். ஒருமுறை என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரநிழலும் வெயிலும் மாறி மாறி அவர் முகத்தின்மேல் ஓடின. இமைகள் லேசாகத் துடித்தன. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். திடீரென்று, “கால எடுங்க” என்றார். கணவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். “ம்... இப்ப சிணுங்குது பாருங்க.” எனக்குக் காற்றின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

சத்தங்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சிணுங்கல், முனகல், பல்லைக் கடிக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது. காரை விட்டு இறங்கியபின்பும் கொஞ்ச நேரம் அந்த உலகத்திலேயே இருப்பார். டீயைக் கையில் கொடுத்தால் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். “அக்காவுக்கு இன்னும் வண்டி நிக்கல” என்று கணவர் கேலி செய்வார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கால்நடை டாக்டர் வந்தார். மலைமேல் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்குப் போய்வருகிறவர். சேற்றில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று நான்கு சக்கரமும் இழுக்கிற கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். வாங்கிய மறுவாரமே பின்பக்கம் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். வேறொரு பட்டறையில், பின் அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரென்ஷியலையே மொத்தமாக மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

அக்கா படுத்தார், கேட்டார், எழுந்தார். “வழவழ ரோட்டுல அடங்குது, சொரசொர ரோட்டுல ஏறுது. டயர்தான் டாக்டரம்மா.” டயர்கள் நான்கும் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருந்தன. நான்கையும் மாற்றியதும் ரீங்காரம் போயேவிட்டது. டாக்டர் சிரித்த முகத்தோடு கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்து, சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளின் முன்னால் நின்றார். தலைசீவவோ பொட்டைச் சரிசெய்யவோ இல்லை. சும்மா நின்றார்.

“தம்பி, ஒரு சத்தம் போகமாட்டேங்குது.”

“எங்கக்கா?”

“என்கிட்டதான். அந்த டாக்டரம்மா வண்டி. டயர் சத்தம் பெருசா இருந்துச்சு, அதுக்கு அடியில இன்னொன்னு மெல்லிசா ஓடிட்டிருந்துச்சு. கால எடுக்கும்போது மட்டும். அப்ப காதுல விழுந்திருக்கு, மனசுல விழல.”

அங்கிருந்தே போன் செய்தார். டாக்டர் அப்போதுதான் மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் படபடத்தது. “வண்டி நல்லாத்தான் ஓடுது அக்கா. மேல ஒரு பசு கன்னு போட முடியாம காலையிலேர்ந்து தவிக்குது. நான் போயே ஆகணும்.”

“போங்க. ஆனா அதுல போகாதீங்க.”

“வேற எதுல போறது?”

அக்கா தெருவைத் தாண்டிப் பார்த்தார். பட்டறை வாசலில் கணவர் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க வேன் வருது. அவரே ஓட்டுவாரு. கொஞ்சம் பேசுவாரு, பொறுத்துக்குங்க.”

வேன் டாக்டரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனது. டாக்டர் வீட்டிலிருந்து காரை அக்கா அடிமேல் அடிவைத்துப் பட்டறைக்கு ஓட்டிவந்தார். சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டிஃபரென்ஷியல் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். மழைத்தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் உதடுகள் மட்டும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அசைந்தன. பிறகு ஆயிலை வடித்தார். ஆயில் அடைப்பானின் காந்தத்தில், உள்ளே தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் வெள்ளி மயிர்போலச் சிலிர்த்து நின்றது.

மறுநாள் காலையில் வேன் திரும்பியது. டாக்டரின் முழங்கைவரை சேறு காய்ந்திருந்தது, கண்ணில் தூக்கம் நிறைந்திருந்தது. பசுவும் கன்றும் பிழைத்துவிட்டன. “கன்னு வெளிய வந்ததும் கத்துச்சு. இவ அங்க இருந்திருந்தா எந்த பேரிங்னு கேட்டிருப்பா” என்றார் கணவர்.

அக்கா சிரிக்கவில்லை. கழற்றிய பினியன் பேரிங்கை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தார். உருளைகள் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தன. “மல எறக்கத்துல இது சிக்கியிருந்தா பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிட்டிருக்கும். முந்தாநாளு பாதி கேட்டுட்டு அனுப்பிட்டேன். தப்பு என்னோடது.”

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானும் பல தடவ பாதிதான் கேக்கறேன் அக்கா. மாடு திரும்பக் கூப்பிட்டுச் சொல்றதில்ல.”

புது பேரிங் வர இரண்டு மூன்று நாளானது. பல்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சரிபார்த்து, மாட்டி, புது ஆயில் ஊற்றி, காரைக் கொடுத்தார்கள். டாக்டர் கிளம்பிய நேரம் நானும் தெருவில் நின்றிருந்தேன். அக்கா கையைத் தூக்கினார். வழியனுப்புகிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் கை அசையவில்லை. உள்ளங்கை பட்டறைப் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே கணவர் ஓடிப்போய், இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸரை நிறுத்தினார். கார் தெருக்கோடியில் வேகம் குறைத்து, திரும்பி, மறைந்தது. மறைந்தபின்பும் வெகுநேரம் அந்தக் கை இறங்கவில்லை.